கலைப்பீடம் முதலாம் வருசம்: புவியியலோட வரலாறு சேர்த்து எடுக்கலாமா? கல்லு மண்ணு பற்றிப் படிக்க ஆர்ட்ஸ் ஆக்களுக்கு வழி இருக்கா?

மண்டூர்ப்புள்ள:

எல்லாருக்கும் வணக்கம். நான் மண்டூர். உயர்தரத்துல தமிழ், புவியியல், இந்து நாகரிகம் படிச்சன். வந்தாறுமூலைக்கு, கிழக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு எடுபட்டிருக்கன். வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். ஆனா பாடம் தெரிவு செய்யுற கதை வந்தா ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறாங்க.

புவியியல் எடுக்கிறது எண்டு முடிவெடுத்திட்டன். அதோட வரலாறும் சேர்க்கலாமா எண்டுதான் யோசினை. சாதாரண தரத்தோட வரலாற்றை விட்டாச்சி. அப்ப படிச்சது முழுக்க அரசர்ட பேரும் குளத்துட பேரும் ஆண்டும்தான், சோதனை முடிஞ்ச கையோட எல்லாம் போயிட்டு. அண்ணா பொருளியல் எடு எண்டு நிக்கார். பெரியப்பா சொல்றார், புவியியலும் வரலாறும் எடுத்தா வாத்தியார் வேலைதான், அதுக்கும் வருசக்கணக்கா காத்துக் கிடக்கணும் எண்டு.

இன்னொண்டும் கேக்கணும். சின்ன வயசிலிருந்து தாந்தாமலைத் திருவிழாவுக்குப் போற நாங்க. அந்தப் பாறையில ஏறி நிண்டு பார்த்தா சுத்திவர வயலும் காடும் ஒரே மட்டமாக் கிடக்கும். நடுவுல இது மட்டும் எப்படி எழும்பி வந்த எண்டு எனக்கு அப்பவே கேள்வி. புவியியல் சேர் அதுக்கு ரெண்டு வரிதான் சொன்னார், சோதனைக்கு வராது எண்டும் சொன்னார். கல்லு மண்ணு பற்றிப் படிக்கப் புவிச்சரிதவியல் எண்டு தனிப் பாடமே இருக்காம். ஆர்ட்ஸ் படிச்ச ஆக்கள் அதைப் படிக்க ஏலுமா? முதலாம் வருசத்துல என்ன மாதிரிப் படிப்பிப்பாங்க? கணக்கு நிறைய வருமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

சம்மாந்துறையான்:

தங்கச்சி, நான் ஒலுவில்ல, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல, புவியியல் செஞ்ச ஆள். இப்ப திட்டமிடல் வேலை, நாள் முழுக்க வரைபடத்தோடதான். கணக்குக்குப் பயப்பட வேணாம். முதல் வருசத்துல வாறது சராசரி, இடையம், நியம விலகல், படத்துல தூரமும் பரப்பும் அளக்கிறது, சமவுயரக்கோட்டை (ஒரே உயரமான இடங்களைச் சேர்க்கிற கோடு) வச்சிக் குறுக்குவெட்டு முகம் கீறுறது, மழைவீழ்ச்சி வரைபு. சாதாரண தரக் கணிதம் கையில இருந்தாப் போதும். ஆனா செய்முறைக் கொப்பியைக் கிழமைக்குக் கிழமை முடிக்கணும். ஒப்படைக்கிற அண்டு ராவு இருந்து கீறினா கோடும் கோணும், மார்க்ஸும் போகும்.

வேலை விசயம். 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்த பிறகு மாவட்டம் மாவட்டமா அந்த வேலை நடக்குது. கரையோரம் பேணல் இருக்கு, நகர அபிவிருத்தி இருக்கு, பிரதேச செயலகத் திட்டமிடல் பிரிவு இருக்கு. எல்லா இடத்திலயும் படம் வாசிக்கவும் செய்யவும் தெரிஞ்ச ஆள் தேவை. வெற்றிடம் எப்ப வரும் எண்டு ஆராலயும் உறுதி தர ஏலாது, அது பொருளியல் முடிச்ச ஆக்களுக்கும் அப்படித்தான். ஜி.ஐ.எஸ்., அதாவது கணினியில வரைபடம் செய்யுற பாடம், பின்னுக்கு வருசத்துலதான் வரும், நீங்க காத்திருக்க வேணாம். அதுக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில ஓடும், இப்பவே தொடங்கலாம்.

வரலாறு பற்றி என்னை விட ஆரையம்பதி மிஸ் வடிவாச் சொல்லுவா.

ஆரையம்பதி மிஸ்:

மகள், முதலில் என் வாழ்த்துக்கள். நான் கல்முனைப் பக்கத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பேராதனையில் படித்தபோது புவியியலையும் வரலாற்றையும் சேர்த்துத்தான் எடுத்தேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்து எடு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், பொறுமையாக வாசி.

தாந்தாமலையிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பாறை எழும்பி வரவில்லை. சுற்றியிருந்த நிலம் தாழ்ந்து போனது, அது நின்று விட்டது. நமது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரும்பகுதிக்குக் கீழே இருப்பது விஜயன் தொகுதி என்று சொல்லப்படும் உருமாறிய பாறைகள். நைஸ் வகை. உடைந்த முகத்தைப் பார்த்தால் வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறித் தெரியும். வெளிறியதில் குவாட்ஸும் பெல்ஸ்பாரும், கறுத்ததில் மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும். இந்தப் பாறைகள் உருவானது ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு, ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இந்தியாவுக்கும் மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையில் அகப்பட்டுப் பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறின. அவ்வளவு ஆழத்தில் கிடந்த பாறையில் இன்று நாம் நின்று அரோகரா சொல்கிறோம் என்றால், அதற்கு மேல் இருந்த அத்தனையும் தேய்ந்து கடலுக்குப் போயிருக்கிறது. வெடிப்புக் குறைந்த, தண்ணீர் உள்ளே புக வழி கொடுக்காத பாறை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். தாந்தாமலை, குடும்பிமலை, சங்கமன்கண்டி எல்லாம் அந்த வகை எச்சக் குன்றுகள். சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்கு அந்தம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்.

இதைப் படிப்பிக்க இரண்டு பாடவேளை போதும். சோதனைக்கு வராது என்று விடுவது எனக்கு மனதுக்கு ஏறாத காரியம். பிள்ளை தன் ஊர் மலையைக் காட்டிக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாத புவியியல் வகுப்பில் வேறு என்ன நடக்கப்போகிறது?

ஆர்ட்ஸ் ஆக்கள் படிக்கலாமா என்று கேட்டாய். பேராதனையில் விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்திருக்க வேண்டும். அந்த வாசல் உனக்கு இப்போது இல்லை. ஆனால் பௌதிகப் புவியியலின் அறிமுகப் பாடத்தில் பாறை வகைகள், வானிலையால் அழிதல், தகட்டு அசைவு, நிலவுருவங்கள் எல்லாம் வரும். அந்த வாசலால் போகலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். பின்னுக்கு ஆய்வு செய்யும்போது கரையோர நிலவுருவம், நிலத்தடி நீர், மணல் அகழ்வு என்று எடுத்தால் நீ செய்வது பாதி புவிச்சரிதவியல்தான்.

ஒரு உதாரணம். மண்டூரிலிருந்து பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்குவாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதைக் கடக்கிறாய் என்று யோசித்திருக்கிறாயா? படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, வயல் வண்டலுக்குக் கீழே அந்த 100 கோடி ஆண்டுப் பாறை. எழுவான்கரையில், வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், நீ கால் வைக்கும் மணலுக்குச் சில ஆயிரம் ஆண்டு வயதுதான். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்கட்டிக் காலத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவில் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறி, பின் ஏறக்குறைய நிலைத்த பிறகு, கரையோர நீரோட்டம் மணலை இழுத்துக் கொண்டுவந்து கரைக்குச் சமாந்தரமாகத் தடுப்புப் போட்டது. அதற்கு உள்ளே அடைபட்டதுதான் 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் நமது வாவி. களுவாஞ்சிகுடி, கல்லாறு, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி எல்லாம் அந்த மணல் தடுப்பில் இருக்கும் ஊர்கள். மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரம் உடையும், வெயில் காலத்தில் மணல் வந்து மூடும். முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று மீன்பிடிக்கிற ஆட்களும் வயல்காரரும் மாரிக்கு மாரி முரண்படுகிறார்களே, அந்தப் பிரச்சினையின் வேர் அந்த மணல் ஓட்டத்தில் இருக்கிறது.

எங்கள் கிணற்றையும் சொல்ல வேண்டும். எழுவான்கரையில் கடலும் வாவியும் இரண்டு பக்கமும் உப்பு, நடுவில் கிணற்றில் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைந்ததால் அதற்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அறிமுகப் பாடத்திலேயே வரும் கணக்கு. திருப்பிப் போட்டுப் பார். பம்ப் வைத்து ஒரு அடியைக் குறைத்தால் அடியில் 40 அடி உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளை அவசரப்பட்டு இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தபோது பல இடங்களில் உப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்திருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. அன்று காலை சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அலை நமது கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலம் என்னை விட்டுப் போவதில்லை. நவலடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் என்னிடம் படித்த பிள்ளைகள் இருந்தார்கள்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லு. வாத்தியார் வேலைதான் என்று அவர் சொல்வது அந்த வேலையின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது.

இன்னும் நிறைய இருக்கிறது. ஆடி மாதம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வருவது ஏன்? தென்மேல் பருவக்காற்று நுவரெலியாப் பக்கம் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை சூடேறுகிறது. மகாஓயாவில் வெந்நீர் ஏன்? எரிமலை இல்லாத நாட்டில் மழைநீர் ஆழமான வெடிப்புகளால் இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது. கன்னியாவும் மகாஓயாவும் மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. கல்லடிக் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது கருமணல் கோடு விழுகிறதே, அது இல்மனைற் போன்ற பாரமான கனியங்கள். குவாட்ஸ் மணல் தண்ணீரை விட 2.65 மடங்கு பாரம், இல்மனைற் ஏறக்குறைய 4.7 மடங்கு. அதனால் அலை இலேசானதைக் கொண்டுபோய்ப் பாரமானதை விட்டுப்போகிறது. கதிரவெளியிலும் திருக்கோவிலிலும் அந்த மணலை அள்ளுவதா என்று சனம் வீதிக்கு வந்த கதை உனக்குத் தெரியும். 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம். அந்த அனுமதிப் பத்திரத்தை வாசித்து விளங்கி ஊருக்குச் சொல்ல நமது பிள்ளைகளில் ஆள் வேண்டும்.

வரலாற்றுக்கு நாளைக்கு எழுதுகிறேன். கண் நோகிறது.

மண்டூர்ப்புள்ள:

மிஸ், இதை அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாசிச்சிக் காட்டினன். பெரியப்பா கிணத்துக் கதையில அமைதியாகிட்டார், அவங்கட பழைய வளவு ஓந்தாச்சிமடத்துல.

சம்மாந்துறை நானாவுக்கும் நன்றி. கியூஜிஐஎஸ் இறக்கியிருக்கன்.

ஆனா வரலாறு இன்னும் பயம்தான். ஒண்டு, மனப்பாடம். ரெண்டாவது, எங்கட பக்கத்துல வரலாறு எண்டு கதைச்சா அது சண்டையிலதான் முடியுது. ஆர் முதல் வந்த, இது ஆர்ட இடம் எண்டு. ஃபேஸ்புக்குல பார்த்தாத் தலையிடிக்கும். அதையே கம்பஸ்ல போய்ப் படிக்கணுமா?

ஆரையம்பதி மிஸ்:

அந்தத் தலையிடிக்காகத்தான் படிக்கச் சொல்கிறேன், மகள். நல்ல விரிவுரையாளர் கிடைத்தால் முதல் மாதமே அந்தக் கேள்வியை மேசையை விட்டு எடுத்துவிடுவார். அதற்குப் பதிலாக, இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக, எந்த ஆதாரத்தில் என்று கேட்கப் பழக்குவார். மனப்பாடம் அதற்குப் பிறகு பெரிய சுமையாக இராது, ஆண்டுகள் தாமாக இடம்பிடிக்கும்.

அம்பாறையிலிருந்து ஒரு ஆதாரம் காட்டுகிறேன். இராஜகல என்ற மலையில் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. மகிந்த தேரர், இத்திய தேரர் என்ற இருவரின் பெயர் அதில் இருக்கிறது. பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களாக மகாவம்சம் சொல்லும் ஆட்களில் இவர்களும் சேர்த்தி. மகாவம்சம் எழுதப்பட்டது சம்பவத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து, கல்வெட்டு அதற்கு வெகு முந்தியது. ஆகவே இந்த இரண்டு பெயர்களைப் பொறுத்தவரை நூலுக்கு வெளியே தனியான சான்று ஒன்று கிடைக்கிறது. அது எவ்வளவைச் சொல்கிறது? இரண்டு பேரின் பெயரைச் சொல்கிறது. அந்த நூலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் அது உறுதிப்படுத்தாது. இந்தக் காணி யாருடையது என்றும் அது பேசாது. இதே அளவுகோலை நமது கோயில் கல்வெட்டுப் பாடல்களுக்கும், குடி மரபுக் கதைகளுக்கும், பெரிய நிலக்காரரான போடியார் வீட்டுப் பரம்பரைக் கதைகளுக்கும் வைக்க வேண்டும். நமது கதைக்கு ஒரு அளவுகோல், மற்றவர் கதைக்கு இன்னொன்று என்றால் அது வரலாற்றுப் படிப்பு ஆகாது. இந்தப் பழக்கம் வந்த பிள்ளை ஃபேஸ்புக்கில் சண்டை பிடிக்க மாட்டாள். எங்கே ஆதாரம் என்று ஒரு வரி கேட்டுவிட்டுப் போவாள்.

புவியியலோடு இது எங்கே சேர்கிறது என்று பார். 1602இல் ஒல்லாந்தரின் ஸ்பில்பேர்கன் வந்து இறங்கியது மட்டக்களப்பில். இங்கிருந்துதான் கண்டி அரசன் விமலதர்மசூரியனைக் காணப் போனார். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். ஏன் கடற்கரையில் கட்டாமல் வாவிக்குள் ஒரு தீவில் கட்ட வேண்டும்? கோட்டையின் இரண்டு பக்கத்தை வாவி காக்கிறது, மற்ற இரண்டு பக்கத்துக்கு அகழி வெட்டினால் போதும். முகத்துவாரத்து மணல் பெரிய கப்பலை உள்ளே விடாது. நான் முதல் பதிலில் சொன்ன அதே மணல் தடுப்புத்தான். சாதாரண தர வரலாற்றில் நீ 1638 என்று மனப்பாடம் செய்திருப்பாய். வாவியின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதே வரியை வாசித்தால் மறக்காது.

அம்பாறைப் பக்கத்துக் கல்லோயா ஆற்றுத் திட்டம் இதைவிடப் பெரிய பாடம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைத்தார்கள், அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையை மாதிரியாக வைத்து. இங்கினியாகலையில் அணை, அதன் பின்னால் சேனாநாயக்க சமுத்திரம். 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிராக வன்செயல் நடந்து உயிர்கள் போயின. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. நீரேந்து பரப்பு, அணைக்கட்டு, குடியேற்றம், மாவட்ட எல்லை, இரத்தம். இதைப் புவியியல் மட்டும் தெரிந்தவர் நீர்ப்பாசனத் திட்டம் என்று எழுதி முடிப்பார். வரலாறு மட்டும் தெரிந்தவர் எந்த வாய்க்கால் எந்தச் சரிவில் எங்கே போகிறது என்று பாராமல் எழுதுவார். இரண்டும் படித்த ஆள் எழுத வேண்டிய விசயம் இது. எங்கள் மொழியில் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

நான் பேராதனையில் இருந்தபோதுதான் 1978 நவம்பர் 23 சூறாவளி. பாதை திறந்த பிறகு ஊருக்கு வந்தேன். எங்கள் வளவில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. அப்பா ஒவ்வொரு மரமாகக் காட்டி, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து காற்று வந்தது என்று சொல்லிக்கொண்டு நடந்தார். நான் கொப்பியில் குறித்தேன். நமது பக்கத்துச் சூறாவளியில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து வரும் புயலின் பாதைக்கு வடக்கே இருந்தால் காற்றுக் கடலிலிருந்து அடிக்கும், தெற்கே இருந்தால் தரையிலிருந்து. ஊர் ஊராக மரம் விழுந்த திசையைக் கேட்டால் புயல் போன வழியைப் படத்தில் கீறலாம். எழுத்து வாசிக்காத கிழவிகளின் வாய்ச்சொல் அதற்கு ஆதாரமாகும். அது புவியியலா வரலாறா என்று எனக்கு அப்போதும் பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

கலை வரலாற்று அறிஞர் என்று நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமியை எடு. கொழும்பில் பிறந்தவர், படித்தது புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவைக்குப் பொறுப்பாக இருந்தார். தோரியனைற் என்ற கதிர்வீச்சுக் கனியத்தை அடையாளம் கண்டவர் அவர்தான். கல்லைத் தேடி ஊர் ஊராகத் திரிந்த காலத்தில்தான் கிராமத்துக் கைவினைகளை நெருங்கிப் பார்த்தார்.

சம்மாந்துறையான்:

மிஸ், கல்லோயா பற்றி ஒண்டு சேர்க்கணும். எங்கட உம்மாட வாப்பா வயல் செஞ்ச ஆள். அணை வந்ததால சில வட்டைக்கு, வயல்வெளிக்கு, ரெண்டு போகமும் தண்ணி கிடைச்ச எண்டு நன்றியாத்தான் சொல்லுவார். அதே மூச்சில, தண்ணி ஆருக்கு முதல் திறக்கிற எண்ட பிரச்சினையையும் மனம் நொந்து சொல்லுவார். வாய்க்கால்ட தலையில இருக்கிற ஆளும் கடைசியில இருக்கிற ஆளும் ஒரே கதையைச் சொல்ல மாட்டாங்க. தங்கச்சி, ஆய்வுக்குப் போற நேரம் ரெண்டு தொங்கல்லயும் கேளுங்க. சிங்களக் குடியேற்றக் கிராமத்து ஆக்கள்ட்டயும் கேக்கணும், அவங்கள்ள பல பேர் வெறுங்கையோட கொண்டுவந்து விடப்பட்ட ஆக்கள். கொஞ்சம் சிங்களம் படிச்சி வையுங்க.

ஆரையம்பதி மிஸ்:

தம்பி சொன்னது மிகச் சரி. நான் எழுதாமல் விட்டதை எழுதியிருக்கிறார். வாய்க்காலின் தலைப்பும் தொங்கலும், மூன்று சமூகமும். அப்படிக் கேட்காத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

மண்டூர்ப்புள்ள:

அப்ப புவியியல், வரலாறு ரெண்டும் போடுறன். அண்ணாவுக்காகப் பொருளியலும் போடலாம் எண்டு யோசிக்கன், அனுமதிச்சா. தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. அதுக்கு முதல் என்ன செய்யலாம், மிஸ்? இங்கிலீஸ் எனக்குக் கொஞ்சம் பின்னுக்கு.

ஆரையம்பதி மிஸ்:

பொருளியல் நல்ல சேர்க்கைதான். எந்தப் பாடத்தோடு எந்தப் பாடம் எடுக்கலாம், விசேட பட்டத்துக்கு முதலாம் வருடத்தில் என்ன பெறுபேறு வேண்டும் என்பதைப் பீடக் கைநூலில் உன் கண்ணால் பார்த்து உறுதிசெய். சீனியர்மாரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துப் பதிய வேண்டாம், விதிகள் மாறிக்கொண்டிருக்கும்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படம் ஒன்று வாங்கு. முழு நாட்டுக்கும் 92 தாள். உன் ஊர் வருகிற தாளைக் கேள். அதில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். குருமண்வெளிக் கடற்கரையிலிருந்து வாவியைக் கடந்து தாந்தாமலை வரை ஒரு நேர்கோடு போட்டு, சமவுயரக்கோடு வெட்டும் இடங்களைக் குறித்து, குறுக்குவெட்டு முகம் கீறிப்பார். தாள் இரண்டாகப் போனால் ஒட்டிக்கொள். நிலைக்குத்து அளவைப் பெருப்பிக்காவிட்டால் கோடு தட்டையாகவே வரும், எத்தனை மடங்கு பெருப்பித்தாய் என்று கீழே எழுத மறக்காதே. முதலாம் வருடச் செய்முறையில் அரைவாசிப் பேர் புள்ளியை விடுவது அங்கேதான்.

வீட்டில் மூத்தவர்கள் யாரும் இருந்தால் ஊரின் பழைய குளம், பழைய வழி, வெள்ளம் ஏறிய மட்டம், சூறாவளி அன்று அவர்கள் ஒதுங்கிய இடம் எல்லாம் கேட்டு, திகதியும் சொன்னவரின் வயதும் போட்டு எழுதி வை. படத்தில் அந்த இடங்களைப் பென்சிலால் குறி. பேனா வேண்டாம்.

இங்கிலீசுக்கு அதே படத்தின் குறிவிளக்கத்திலிருந்து தொடங்கு. அதில் இருக்கிற சொற்கள்தான் விரிவுரையில் திரும்பத் திரும்ப வரும். நாளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலப் பாடநூல் வாசி, விளங்காத சொல்லுக்குக் கோடு போட்டு அடுத்த பந்திக்குப் போ, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டினால் பக்கம் நகராது. படம், வரைபு, அட்டவணை உள்ள பக்கமாக எடு, பாதி விளக்கம் அவற்றிலேயே கிடைக்கும்.

குறுக்குவெட்டைக் கீறி முடித்ததும் படம் எடுத்து இங்கே போடு. தம்பியும் நானும் பார்த்துத் திருத்தித் தருகிறோம்.

சம்மாந்துறையான்:

போடுங்க தங்கச்சி. மறுகா அதே கோட்டை கியூஜிஐஎஸ்லயும் கீறிப் பார்ப்பம். செய்மதி உயரத் தரவு இலவசமாக் கிடைக்குது, எங்க இறக்கிற எண்டு நான் சொல்லித் தாறன். கையால கீறினதோட ஒத்து வருதா எண்டு பார்க்கலாம்.